இசை ஸ்ட்ரீமிங் சேவைகளில் கருநாடக இசை

இணைய இணைப்பின் வழியாகப் பாடல்களை உடனுக்குடன் கேட்க உதவும் செயலிகளும் தளங்களும் இசை ஸ்ட்ரீமிங் சேவைகள் எனப்படுகின்றன. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக், ஜியோசாவன், கானா, அமேசான் மியூசிக் ஆகியவை இந்தியாவில் அறியப்பட்ட சேவைகளாகும். இவற்றில் கருநாடக இசைப் பதிவுகள் ஏராளமாக உள்ளன. ஆயினும் இச்சேவைகள் மூன்று நான்கு நிமிடங்களில் முடியும் பாடலையும், அதைப் பாடியவரையும், அது இடம்பெற்ற தொகுப்பையும் அடிப்படையாகக் கொண்டே வடிவமைக்கப்பட்டுள்ளன. ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் ஆகியவற்றைக் கொண்டு பாடலைத் தேடும் கருநாடக இசை ரசிகருக்கு இந்த அமைப்பு போதுமானதாக இல்லை. திருவண்ணாமலையோடு தொடர்புடைய பாடல்களை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இந்தக் குறை தெளிவாக விளங்கும்.

பின்னணி

பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கியது. அதனால் பாடகர்கள் கீர்த்தனைகளைச் சுருக்கிப் பாட வேண்டியிருந்தது. நீண்டநேர இசைத்தட்டு வந்தபின் ஒரு பக்கத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் பதிவு செய்ய முடிந்தது. ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் ஆகியவை பதிவுகளில் இடம்பெறத் தொடங்கின. அந்த இசைத்தட்டுகளின் உறையில் பாடலின் பெயர், ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம் வாசித்தவர்கள் ஆகிய விவரங்கள் அச்சிடப்பட்டன. ஒலிநாடா, குறுந்தகடு ஆகியவற்றிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

ஸ்ட்ரீமிங் சேவைகளில் உறையின் முன்பக்கப் படம் மட்டும் எஞ்சியது. பின்பக்கத்தில் இருந்த விவரங்கள் பெரும்பாலும் விடுபட்டன. ஒலி கிடைத்தாலும் அதைப் பற்றிய செய்தி கிடைக்காத நிலை இதனால் உருவானது. மெட்டாடேட்டா எனப்படும் இந்த விவரத் தரவே தேடலுக்கு அடிப்படை. அது இல்லாத பதிவு கிடங்கில் இருந்தும் கண்ணில் படாது.

எடுத்துக்காட்டு: திருவண்ணாமலைப் பாடல்கள்

பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்குரிய தலமாகக் கருதப்படும் திருவண்ணாமலைக்குப் பல காலத்துப் பாடல்கள் உள்ளன. அவற்றுள் சில:

• திருஞானசம்பந்தரின் ‘உண்ணாமுலை’ எனத் தொடங்கும் தேவாரப் பதிகம். இது முதல் திருமுறையில் நட்டபாடைப் பண்ணில் அமைந்தது.
• மாணிக்கவாசகரின் திருவெம்பாவை. 20 பாடல்கள் கொண்ட இந்நூல் திருவண்ணாமலையில் அருளப்பட்டதாக மரபு கூறுகிறது. மார்கழி மாதத்தில் பாடப்படுகிறது.
• 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதரின் திருப்புகழ். இன்று கிடைப்பவை ஏறத்தாழ 1,300 பாடல்கள்.
• முத்துசுவாமி தீட்சிதரின் ‘அருணாசலநாதம்’ என்ற கீர்த்தனை. இது சாரங்க ராகம், ரூபக தாளத்தில் அமைந்தது. ஐந்து தலங்களைப் போற்றும் அவருடைய பஞ்சபூதலிங்கக் கீர்த்தனைகளுள் ஒன்று.
• ரமண மகரிஷி இயற்றிய 108 கண்ணிகள் கொண்ட அட்சரமணமாலை.

இவை ஐந்தும் பதிவுகளாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றையும் தேடும்போது வெவ்வேறு வகையான சிக்கல் எழுகிறது.

தேடலில் எழும் சிக்கல்கள்

எழுத்துக்கூட்டல்

பெரும்பாலான கருநாடக இசைப் பதிவுகளின் தலைப்புகள் ரோமன் எழுத்தில் பதியப்பட்டுள்ளன. அதற்கு ஒரே முறை பின்பற்றப்படவில்லை. ‘திருப்புகழ்’ என்பதன் முதல் எழுத்தைச் சிலர் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தால் மட்டும் எழுதுகின்றனர். சிலர் அதனுடன் ‘எச்’ சேர்க்கின்றனர். ‘ழ்’ ஒலிக்குச் சிலர் ‘இசட்’, ‘எச்’ இரண்டையும் சேர்த்து எழுத, வேறு சிலர் ‘எல்’ எழுதுகின்றனர். ‘அருணாசலநாதம்’ என்பதை ஒரே சொல்லாகவும் இரு சொற்களாகவும் காணலாம். தீட்சிதரின் பெயருக்கே பல வடிவங்கள் உள்ளன. ஒரு வடிவத்தில் தேடுபவருக்கு வேறு வடிவத்தில் பதியப்பட்டவை விடுபட்டுப் போகலாம். தமிழ் எழுத்தில் தேடினால் கிடைப்பது இன்னும் குறைவு.

ஒரே பெயர், பல பொருள்

‘சாரங்கா’ என்பது 1961-இல் வெளியான ஓர் இந்தித் திரைப்படத்தின் பெயருமாகும். முகேஷ் பாடிய அதன் பாடல் மிகவும் புகழ்பெற்றது. ‘பைரவி’ 1978-இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். இந்துஸ்தானி இசையிலும் பைரவி என்ற ராகம் உண்டு. அது கருநாடக பைரவியிலிருந்து வேறுபட்டது, தோடி ராகத்துக்கு நெருக்கமானது. தலப்பெயருக்கும் இதே நிலைதான்: ‘அண்ணாமலை’ (1992), ‘அருணாசலம்’ (1997) இரண்டும் ரஜினிகாந்த் நடித்த திரைப்படங்கள். அதிகம் கேட்கப்படும் பாடலை முன்னிறுத்தும் தேடல் முறையில் கீர்த்தனையும் பதிகமும் திரைப்பாடலுக்குப் பின்னால் தள்ளப்படுகின்றன.

இயற்றியவர் யார்?

திரைப்பாடலில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் ஆகிய மூவரின் பணியும் தெளிவாகப் பிரிந்துள்ளது. கருநாடகக் கீர்த்தனையில் சொல்லும் இசையும் பெரும்பாலும் ஒருவருடையவையே. திருப்புகழில் சொல்லும் சந்தமும் அருணகிரிநாதருடையவை. இன்று பாடப்படும் ராக அமைப்புகள் பிற்காலத்தில் பல இசைவாணர்கள் அமைத்தவை. எனவே ஒரே திருப்புகழை இரு பாடகர்கள் இருவேறு ராகங்களில் பாடுவது உண்டு. ‘இசையமைப்பாளர்’ என்ற ஒரே புலத்தில் சில பதிவுகளில் அருணகிரிநாதரின் பெயரும், சிலவற்றில் மெட்டமைத்தவர் பெயரும், சிலவற்றில் ‘மரபுவழி’ என்ற சொல்லும் இடம்பெறலாம். 1964-இல் வெளியான ‘அருணகிரிநாதர்’ திரைப்படத்தில் டி. எம். சௌந்தரராஜன் நடித்துப் பாடிய திருப்புகழ், திரையிசைத் தொகுப்பில் சேர்வதால் கச்சேரிப் பதிவுகளோடு ஒன்றாக வரிசைப்படுவதில்லை.

வகைப்பாடு

தேவாரத்தை ஓதுவார்கள் பண்முறையில் பாடுகின்றனர். கச்சேரிப் பாடகர்கள் ராக விருத்தியோடு பாடுகின்றனர். முன்னது ‘பக்தி’ என்ற வகையிலும் பின்னது ‘கருநாடக இசை’ என்ற வகையிலும் பதியப்படுகிறது. தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்றோரின் பதிகப் பதிவுகளைக் கேட்டுப் பண்ணையும் ராகத்தையும் ஒப்பிட விரும்பும் மாணவர், இரு வகைகளிலும் தனித்தனியே தேட வேண்டியுள்ளது. நட்டபாடைப் பண் நாட்டை ராகத்தோடு தொடர்புபடுத்தப்படுவது போன்ற செய்திகள் விவரத் தரவில் இடம்பெறுவதில்லை.

பக்கவாத்தியக் கலைஞர்கள்

கச்சேரி என்பது கூட்டுக் கலை. ஆயினும் வாய்ப்பாட்டுத் தொகுப்புகள் பல, பாடகர் பெயரில் மட்டுமே பதியப்பட்டுள்ளன. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தையோ லால்குடி ஜெயராமனின் பக்க வயலினையோ தேடுபவர், அவர்கள் யார் யாருக்கு வாசித்தனர் என்பதை முன்பே அறிந்திருந்தால்தான் அப்பதிவை அடைய முடியும்.

சேவைகளின் ஒப்பீடு

ஸ்பாட்டிஃபை: 2008-இல் ஐரோப்பாவில் தொடங்கிய இச்சேவை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. பாடகர் பெயரைக் கொண்டு தேடுவதற்கும், பிற பயனர்கள் ராகவாரியாகத் தொகுத்த பாடல் பட்டியல்களைப் பின்தொடர்வதற்கும் ஏற்றது. ராகத்துக்கெனத் தனிப் புலம் இல்லை. பட்டியல்களின் தரம் தொகுத்தவரின் அறிவைப் பொறுத்தது.

ஆப்பிள் மியூசிக்: 2015-இல் தொடங்கியது. இழப்பில்லா ஒலித்தரத்தை 2021 முதல் கூடுதல் கட்டணமின்றி வழங்குகிறது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பிரைம்ஃபோனிக் என்ற செவ்விசைச் சேவையை 2021-இல் வாங்கிய ஆப்பிள் நிறுவனம், அதன் அடிப்படையில் ‘ஆப்பிள் மியூசிக் கிளாசிக்கல்’ என்ற தனிச் செயலியை 2023 மார்ச்சில் வெளியிட்டது. இதில் இயற்றியவர், படைப்பு, படைப்பெண், நடத்துநர், வாத்தியக் குழு ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். ஒரே படைப்பின் பல பதிவுகளை ஒரே பக்கத்தில் காணலாம். இவ்வமைப்பு மேற்கத்தியச் செவ்விசையை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது. ஒரு கீர்த்தனையைப் பலர் பாடக் கேட்டு ஒப்பிடுவதே கருநாடக இசை மாணவரின் முதன்மைத் தேவை என்பதால், இதே முறை ராகம், தாளம் ஆகிய புலங்களுடன் கருநாடக இசைக்கும் பொருந்தக்கூடியது.

யூடியூப், யூடியூப் மியூசிக்: யூடியூப் மியூசிக் 2019 மார்ச்சில் இந்தியாவில் தொடங்கப்பட்டது. வெளியீட்டு நிறுவனங்களின் பதிவுகளோடு சபாக்களும் கலைஞர்களும் ரசிகர்களும் பதிவேற்றிய முழுநீளக் கச்சேரிகளும் யூடியூபில் உள்ளன. பிரசார் பாரதியின் ஆவணக் காப்பக அலைவரிசையும் பழைய நிகழ்ச்சிகளை வெளியிடுகிறது. பதிவேற்றுவோர் பாடல், ராகம், தாளம், இயற்றியவர் ஆகியவற்றைத் தலைப்பிலேயே எழுதும் வழக்கம் இருப்பதால் ராகத்தைக் கொண்டு தேடுவது இங்கு ஓரளவு எளிது. உருப்படிகளின் வரிசையையும் நேரக் குறிப்பையும் ரசிகர்கள் கீழே பதிவதும் உண்டு. கட்டணமின்றிக் கேட்கும்போது ஆலாபனையின் நடுவே விளம்பரம் குறுக்கிடுவதும், உரிமைச் சிக்கலால் பதிவுகள் திடீரென நீக்கப்படுவதும் இதன் குறைகள்.

இந்தியச் சேவைகள்: கானா 2010-இல் தொடங்கியது, 2022-இல் கட்டணச் சேவையாக மாறியது. சாவன், ஜியோமியூசிக் இரண்டும் 2018-இல் இணைந்து ஜியோசாவன் ஆயின. இந்திய வெளியீட்டு நிறுவனங்களின் பழைய தொகுப்புகள் இவற்றில் கிடைக்கின்றன. முகப்பில் திரையிசையே முதன்மை பெறுகிறது. ஏர்டெல் நிறுவனத்தின் விங்க் மியூசிக் 2014-இல் தொடங்கி, பத்து ஆண்டுகளில் மூடப்பட்டது. ஒரு சேவை மூடப்படும்போது பயனர் பல ஆண்டுகளாகச் சேர்த்த பட்டியல்களும் மறைந்துபோகக்கூடும்.

கேட்கும் வசதிகள்

வரிசை மாற்றம்: திருவெம்பாவையின் 20 பாடல்களும் தனித்தனித் தடங்களாக இருந்தால், வரிசை கலைத்து ஒலிக்கும் அமைப்பு நூலின் ஒழுங்கைக் குலைத்துவிடும். ராகம்-தானம்-பல்லவி நான்கு தடங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தால் பல்லவி முதலிலும் ஆலாபனை கடைசியிலும் வரக்கூடும். இவ்வசதியை முடக்கும் வழி கட்டணமில்லாத கணக்குகளில் எப்போதும் கிடைப்பதில்லை.

இடைவெளி: நேரடிக் கச்சேரிப் பதிவில் தம்புராவின் சுருதி ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்கிறது. தடங்களுக்கு இடையே மௌனம் விழுந்தாலோ, ஒன்றன் முடிவும் மற்றதன் தொடக்கமும் கலந்தொலித்தாலோ அந்தத் தொடர்ச்சி கெடும்.

ஒலித்தரம்: இழப்பில்லா வடிவம் அண்மைக்காலப் பதிவுகளுக்குப் பயன் தருகிறது. 78 சுழற்சி இசைத்தட்டிலிருந்து எடுக்கப்பட்ட பதிவில், மூலத்தில் இல்லாத நுட்பத்தை எந்த வடிவமும் கூட்டித் தராது. அங்கு மாற்றும்போது சுருதியும் வேகமும் சரியாக அமைந்தனவா என்பதே முக்கியம்.

பதிவிறக்கம்: திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. பௌர்ணமி, கார்த்திகை தீபம் போன்ற நாட்களின் நெரிசலில் கைப்பேசி இணைப்பு தடைபடக்கூடும். நடந்துகொண்டே பதிகங்களைக் கேட்க விரும்புவோருக்கு முன்கூட்டியே பதிவிறக்கும் வசதி தேவை. பல சேவைகளில் இது கட்டணம் செலுத்துவோருக்கே உரியது.

கலைஞர்களுக்கான பங்கு

ஸ்பாட்டிஃபையில் ஒரு தடம் 30 விநாடிகள் ஒலித்தால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கிடப்படுகிறது. இம்முறையில் மூன்று நிமிடப் பாடலும் 40 நிமிடப் பல்லவியும் ஒரே மதிப்பைப் பெறுகின்றன. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத தடத்துக்குப் பங்குத்தொகை இல்லை என்ற விதியும் நடைமுறையில் உள்ளது. அரிதாகப் பாடப்படும் கீர்த்தனைகளையும் ஓதுவார் பதிவுகளையும் இவ்விதி கடுமையாகப் பாதிக்கக்கூடும். தேடலில் தென்படாத பதிவு கேட்கப்படுவதில்லை; கேட்கப்படாத பதிவுக்கு வருவாய் இல்லை; வருவாய் இல்லாதபோது அத்தகைய புதிய பதிவுகளை வெளியிடும் ஊக்கமும் குறைகிறது. இதற்கு மாறாக, பிரைம்ஃபோனிக்கும் பெர்லினைச் சேர்ந்த இடாஜியோவும் கேட்கப்பட்ட விநாடிகளின் அளவுக்கேற்பத் தொகையைப் பகிரும் முறையைக் கடைப்பிடித்தன. நீண்ட உருப்படிகளைக் கொண்ட இசைக்கு இம்முறை பொருத்தமானது.

மாற்று முயற்சிகள்

பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011 முதல் 2017 வரை ‘காம்ப்மியூசிக்’ என்ற ஆய்வுத் திட்டம் நடைபெற்றது. கருநாடக இசை உட்பட ஐந்து இசை மரபுகளைக் கணினிவழி ஆராய்ந்த இத்திட்டம், ராகம், தாளம், கலைஞர்களுக்கு இடையிலான தொடர்பு ஆகியவற்றைக் கொண்டு பதிவுகளை அணுகும் ‘துன்யா’ என்ற தளத்தை உருவாக்கியது. இதற்கான விவரங்கள் ‘மியூசிக்பிரைன்ஸ்’ என்ற திறந்த தரவுத்தளத்தில் சேர்க்கப்பட்டன. அத்தளத்தில் ஒரு படைப்புக்கு ராகத்தையும் தாளத்தையும் தனிப் பண்புகளாகக் குறிக்க முடியும். எவரும் கணக்குத் தொடங்கி விவரங்களைச் சேர்க்கலாம். ராகத்தைப் பதிவதற்கான தொழில்நுட்பம் இருப்பதையும், வணிகச் சேவைகள் அதை இன்னும் ஏற்காததையும் இம்முயற்சி காட்டுகிறது. ‘சங்கீதப்ரியா’ தளத்தில் தன்னார்வலர்கள் வணிக நோக்கின்றிக் கச்சேரிப் பதிவுகளைத் தொகுத்து வழங்கினர்.

சேவையைத் தேர்ந்தெடுத்தல்

கட்டணம் செலுத்துமுன் ஒரு சேவையைக் கீழ்க்காணும் வகையில் சோதித்துப் பார்க்கலாம்:

1. நன்கு அறிந்த ஒரு கீர்த்தனையைத் தமிழிலும், ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று வடிவங்களிலும் தேடி, முடிவுகள் ஒத்திருக்கின்றனவா எனக் காணல்.
2. ராகப் பெயரை மட்டும் இட்டுத் தேடி, முதல் பத்து முடிவுகளில் எத்தனை அந்த ராகத்துக்கு உரியவை என எண்ணல்.
3. விரும்பும் பக்கவாத்தியக் கலைஞரின் பெயரை இட்டுப் பார்த்தல்.
4. ஒரு நேரடிக் கச்சேரித் தொகுப்பை இடைவெளியின்றிக் கேட்க முடிகிறதா எனச் சோதித்தல்.
5. பதிவிறக்கம், வரிசை மாற்றத்தை முடக்கல் ஆகியவை எந்தக் கட்டண நிலையில் கிடைக்கின்றன என அறிதல்.
6. சேர்த்த பாடல் பட்டியலைச் சேவைக்கு வெளியே எழுதி வைத்தல். பாடல், ராகம், தாளம், பாடியவர், தொகுப்பின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்தால், சேவை மாறினாலும் மூடப்பட்டாலும் மீண்டும் தேட எளிதாகும்.

ஒரே சேவை எல்லாத் தேவைகளையும் நிறைவு செய்வதில்லை. ராகத்தை அறிந்து தேடுவோருக்கும் முழுக் கச்சேரி கேட்போருக்கும் யூடியூப் கூடுதலாகப் பயன்படுகிறது. குறிப்பிட்ட பாடகரின் வெளியீடுகளை நல்ல ஒலித்தரத்தில் தொடர்ந்து கேட்போருக்குக் கட்டணச் சேவைகள் ஏற்றவை. கற்கும் நோக்குடைய மாணவர்கள் இவ்விரண்டோடு திறந்த தரவுத்தளங்களையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது, ஒரு பாடலின் ஒலியும் அதன் ராகம், தாளம், இயற்றியவர் பற்றிய விவரமும் ஒருங்கே கிடைக்கின்றன.