சோறு போட ஆளுண்டு, ஊசி போட?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் ராத்திரியில் நடக்கிறது. ஊர் அடங்கியபின் ஒட்டன்சத்திரத்துக் காய், நீலகிரி கேரட், பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் என்று லாரிகள் வந்து நிற்கும். லோடுமேன்கள் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மண்டிகளுக்குள் ஓடுவார்கள். விடிவதற்குள் சரக்கு கைமாறி, தரைக்கடைக்காரர்கள் சாக்கை விரித்துவிடுவார்கள். இத்தனை கால்களுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே, மிதிபடாமல் படுக்கத் தெரிந்த நாய்கள் சில இருக்கின்றன. ‘இது யார் நாய்?’ என்று கேட்டால் ஒருவரும் கைதூக்க மாட்டார்கள். ஆனால் பெயர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் உண்டு. கருப்பன், செவலை, மணி. ஒரே நாய்க்கு வெங்காய மண்டியில் ஒரு பெயர், வாழைக்காய் மண்டியில் இன்னொரு பெயர் என்பதும் உண்டு.

“நாங்க வளக்கல சார், அதுவா இருக்கு” என்றார் டீக்கடை வாசலில் நின்ற லோடுமேன் ஒருவர். சொல்லிக்கொண்டே கையிலிருந்த பன்னைப் பிய்த்துப் பாதியைக் கீழே போட்டார். எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டேன். “இதோட அம்மா காலத்துலேர்ந்து.”

வளர்ப்பு நாய் என்றதும் நம் மனதில் வருவது பெல்ட், கிண்ணம், சோபா, வாயிலில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை. சினிமாவும் விளம்பரமும் தந்த படம் அது. தமிழ்நாட்டில் மனிதரும் நாயும் சேர்ந்து வாழ்ந்த விதம் பெரும்பாலும் அந்த லோடுமேன் சொன்ன மாதிரிதான். பட்டியில் ஒன்று, களத்தில் ஒன்று, தெருமுனையில் ஒன்று. ஸ்ரீரங்கத்தின் ஆசாரமான வீடுகளில் நாய்க்குத் திண்ணை வரைதான் உரிமை. ஆனால் மத்தியானம் மிஞ்சிய சாதம் தவறாமல் அந்தத் திண்ணைக்கு வந்துவிடும்.

அந்த உறவு லேசானதும் அல்ல. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலம், அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல்லில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளர் இருவரைக் கடித்து, விழுந்தவன் பக்கத்திலேயே காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு சொல்கிறது. பெரிய மனிதர்கள் பலருடைய பெயரே நமக்கு வந்து சேராத காலத்திலிருந்து ஒரு நாயின் பெயர் வந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரே பத்திரகிரியார் கதையை வைக்கலாம். அரச வாழ்வை உதறிவிட்டுப் பட்டினத்தாரிடம் சீடராக வந்தவர், திருவிடைமருதூர்க் கோபுர வாசலில் பிச்சை எடுத்துக் குருவுக்கும் கொடுத்துத் தானும் உண்டு வந்தார். ஒரு நாய் அவரோடு ஒட்டிக்கொண்டது. பட்டினத்தாரிடம் ஒருவர் வந்து பிச்சை கேட்க, ‘நான் துறவி, என்னிடம் ஒன்றுமில்லை; அந்த வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள்’ என்று கைகாட்டிவிட்டார். திருவோட்டையும் நாயையும் வைத்திருப்பவன் சம்சாரிதானே! சீடர் வெட்கிப்போய் ஓட்டை நாயின்மேல் எறிந்தார், ஓடும் உடைந்தது, நாயும் செத்தது என்று போகும் கதை. துறவு பற்றிய கதையாக இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கென்னவோ நாய் வளர்ப்பு பற்றி இவ்வளவு கறாராக வேறு யாரும் பேசியதில்லை என்று தோன்றுகிறது. ஒரு நாய்க்குத் தினமும் சோறு போட்டால் நீங்கள் சம்சாரி. அதன் நோய், அதன் குட்டி, அது கடித்த கடி எல்லாம் உங்கள் குடும்பக் கணக்கில் வந்துவிடும்.

மார்க்கெட்டில் இடறுவது இந்த இடத்தில்தான். சோறு போட நூறு பேர் இருக்கிறார்கள். ஊசி போட அழைத்துப்போக ஒருவர் இல்லை.

ஊசி என்றால் முதலில் வெறிநோய்க்கு. இந்த நோயின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் உண்டு. நாய்க்கடிக்குச் சிகிச்சை கிடைக்காமல் ஓர் ஆங்கிலப் பெண் 1902-இல் இறந்ததையொட்டி எழுந்த முயற்சியில், அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் தந்த நன்கொடையைக் கொண்டு குன்னூரில் பாஸ்டர் நிலையம் அமைந்தது. 1907-இல் அது வேலை தொடங்கியது. அங்கே ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த மருந்துதான், நம் அப்பா காலத்தவர்கள் நடுக்கத்தோடு சொல்லும் ‘தொப்புளைச் சுற்றி 14 ஊசி’. அந்த வகை மருந்தை இந்தியா 2004-இல் கைவிட்டுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனையில் கையில்தான் போடுகிறார்கள். கடித்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். காசு கிடையாது. ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் தர வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் காப்பித்தூளும் இன்றைக்கும் நம் ஊர்களில் புண்ணில் அப்பப்படுவதால் இதை எழுத வேண்டியிருக்கிறது. நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. ஆனால் நாய்க்கு ஆண்டுக்கு ஒரு தடுப்பூசி போட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, கருத்தடை. வெள்ளைக்காரன் காலம் தொட்டு நகராட்சிகளுக்குத் தெரிந்த ஒரே வழி பிடித்துக் கொல்வதாகத்தான் இருந்தது. சென்னையில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். கொன்ற நாய்களின் தோலில் கழுத்து டையும் பர்ஸும் செய்ய முடியுமா என்று பார்க்கிற அளவுக்கு 1970-களின் தொடக்கத்தில் எண்ணிக்கை பெருகியிருந்தது என்று புளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா கேப்டன் வி. சுந்தரம் ஒரு விமானி. சென்னை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கிவந்ததில் தொடங்கி, 1959-இல் குடும்பமாகச் சேர்ந்து உருவாக்கிய அமைப்புதான் புளூ கிராஸ். எத்தனை கொன்றாலும் தெருவில் நாய் குறையவில்லையே, அப்படியென்றால் முறையிலேயே கோளாறு என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். 1964-இலேயே கருத்தடையை மாற்றாக முன்வைத்தார்கள். சென்னை மாநகராட்சி அதற்கு ஒப்புக்கொள்ள 1996 ஆயிற்று. நாடு முழுவதற்குமான விதி 2001-இல் வந்தது, 2023-இல் திருத்தி எழுதப்பட்டது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்தவரும் தமிழ்நாட்டுக்காரர்தான், கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி.

கொன்றால் ஏன் குறைவதில்லை? மார்க்கெட்டில் அரை மணி நேரம் நின்றாலே புரியும். அழுகிய காய் நாய்க்கு வேண்டாம். ஆனால் இறைச்சிக் கழிவு, சாப்பாட்டுக் கடை இலை, டீக்கடை பன், அதைத் தேடி வரும் பெருச்சாளி எல்லாம் வேண்டும். இரை அப்படியே இருக்க, இருக்கும் நாய்களை மட்டும் அள்ளிக்கொண்டு போனால் வரகனேரியிலிருந்தும் தாராநல்லூரிலிருந்தும் வேறு நாய்கள் வந்து உட்காரும். வந்தவை ஊசி போடாதவை, ஆளைப் பழகாதவை. இருந்ததே தேவலை என்று ஆகிவிடும். அதனால்தான் விதி, பிடித்த நாயை அறுவைக்குப்பின் சில நாள் வைத்துப் பார்த்து, தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கிறது. அடையாளத்துக்குக் காதில் ஒரு வெட்டு. திருச்சியில் கோணக்கரையில் மாநகராட்சியின் கருத்தடை மையம் இருக்கிறது. காது வெட்டுப்பட்ட நாயைத் தெருவில் பார்த்து, ‘பாவம், யாரோ வெட்டிவிட்டார்கள்’ என்று பதறுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் பத்திரமான நாய் அதுதான்.

2025-இல் உச்ச நீதிமன்றம் வரை இந்தச் சண்டை போயிற்று. ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உத்தரவு, ஆகஸ்ட் 22 அன்று மாற்றப்பட்டது. வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றுக்குக் கருத்தடை செய்து, ஊசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கண்ட இடத்தில் சோறு போடக் கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும். விரும்புகிறவர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், ஆனால் எடுத்ததைத் திரும்பத் தெருவில் விடக் கூடாது. நவம்பரில் வந்த இன்னொரு உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து மட்டும் நாய்களை அகற்றி, அங்கே திரும்ப விடாமல் காப்பகத்துக்கு அனுப்பச் சொன்னது. டிவி விவாதத்தில் இது நாய்ப்பிரியர்களுக்கும் நாய் வெறுப்பவர்களுக்கும் நடந்த சண்டையாகப் போய்விட்டது. கைக்குழந்தையோடு இரவு நேரத்தில் நடந்து போகிறவர்களுக்குத் தெருநாய் ஒரு நிஜமான பயம். அவர்களை நாய் வெறுப்பவர்கள் என்று ஏசுவது நியாயமில்லை. ஆகஸ்ட் 22 உத்தரவில் ‘சம்சாரி’ ஆவதற்கு ஒரு பாதை இருப்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

காப்பகம் என்றதும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். தெருவில் கண்டதை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம். பல ஊர்களிலிருந்து வந்த நாய்களை ஒரே கூரையின்கீழ் நெருக்கி வைத்தால் பார்வோவும் டிஸ்டெம்பரும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். ஊசி போடாத குட்டி தப்புவது கஷ்டம். அடிபட்டது, கண் தெரியாதது, வயசானது என்று தெருவில் பிழைக்கவே முடியாதவற்றுக்கான இடம் அது. அங்கே உதவ நினைப்பவர்கள் பிறந்தநாள் கேக்கோடு போய்ப் படம் எடுத்துக்கொள்வதைவிட, என்ன தேவை என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. அரிசி, கோழிக்கால், பழைய போர்வை, டெட்டால், மருந்துக் கடைப் பாக்கி. கூண்டு கழுவ ஓர் ஆள் என்றால் இன்னும் மேல். பிஸ்கட் மூட்டை வேண்டாம். அதில் இருப்பது மாவும் சர்க்கரையும்.

2020 ஊரடங்கில் காந்தி மார்க்கெட்டைப் பூட்டி, மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்கள். மனிதர்களுக்கு லாரி இருந்தது, போய்விட்டார்கள். நாய்க்கு எல்லை உண்டு, அது போகாது. வாழையிலை விற்கும் ஓர் அம்மா அந்த நாட்களைப் பற்றிச் சொன்னார்: “கடை இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா இதுங்க வாசல்லயே கெடந்துச்சு தம்பி. நம்மள நம்பித்தான கெடக்குது? ஒரு குண்டான் கஞ்சி எடுத்துட்டு வருவேன். போலீஸ்காரரு எங்க போறன்னு கேட்டாரு. புள்ளைங்களுக்குச் சோறுன்னேன்.”

அந்த அம்மாவிடம் ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன். “அத எப்படித் தம்பி புடிக்கிறது?” என்றார். நியாயமான கேள்வி. அவரிடம் வாலாட்டி வரும் நாயை அவரால் மட்டும்தான் பிடிக்க முடியும். ஆனால் மார்க்கெட்டை விட்டு ஒரு காலைப்பொழுது போனால் அன்றைய வியாபாரம் போயிற்று. மாநகராட்சி வண்டி வந்தாலோ நாய்க்கு அந்தச் சத்தம் தெரியும், மூட்டைக்குப் பின்னால் மறைந்துவிடும். உதவ நினைக்கும் நகரத்து இளைஞர்கள் இந்த இடைவெளியில் வேலை செய்யலாம். சோறு போடுகிறவரைக் கொண்டு பிடிக்க வைத்து, மருத்துவரை மார்க்கெட்டுக்கே அழைத்துவந்தால் போதும். ஆண்டுதோறும் செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாள். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம் நடக்கும். ஒரு கயிறு, ஒரு ஆட்டோ, ஒரு நாள் லீவு.

வீட்டுக்கே ஒன்று வேண்டும் என்பவர்கள் கடைக்குத்தான் முதலில் போகிறார்கள். 2003-இல் ஒரு செல்போன் விளம்பரம் வந்ததிலிருந்து தெருவுக்குத் தெரு பக். மூக்கு சப்பையாக இருப்பதால் நம் வெயிலில் மூச்சுவிடத் திணறும் நாய் அது. பனிக்காட்டு ஹஸ்கியைத் திருச்சிச் சித்திரை வெயிலில் மாடியில் கட்டிப்போட்டிருப்பதையும் பார்க்க முடிகிறது. 2024-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றை நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம்முடைய நாய்களே இருக்கின்றன. ஆனால் ஓடியாட இடமில்லாத ஃபிளாட்டில் வேட்டை நாயை வைத்தால் அதற்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். இனப்பெயரில்லாத நாட்டு நாய்தான் தில்லைநகர் ஃபிளாட்டுக்கும் ஸ்ரீரங்கத்து ரேழிக்கும் சரிப்படும். வெயில் தாங்கும், மிஞ்சிய சோற்றோடு ஒரு முட்டை சேர்த்தால் போதும். வெங்காயம் மட்டும் கலக்காதீர்கள், அது நாய்க்கு ஆகாது.

மழை பெய்து கார்த்திகை, மார்கழி வந்தால் மார்க்கெட்டில் சாக்குக்கு அடியிலும் தள்ளுவண்டிக்கு அடியிலும் குட்டிகள் இருக்கும். கண் திறந்து ஓட ஆரம்பித்ததும், கேட்டு வருகிறவர்கள் வந்துவிடுவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “கடுவனா?” கொழுத்த கடுவன் குட்டிகள் ஒரே வாரத்தில் போய்விடும். பொட்டைக் குட்டிகள் அங்கேயே கிடக்கும். தப்பிப் பிழைத்தவை ஒரு வயதுக்குள் தாமே தாயாகும், வருஷத்துக்கு இரண்டு ஈற்றுகூடப் போடும். அடுத்த கார்த்திகையில் அதே சாக்கு, அதே கேள்வி. பொட்டை நாய் வேண்டாம் என்பதற்கு மக்கள் சொல்லும் ஒரே காரணம் குட்டி போடும் என்பதுதான். ஆறு மாதம் ஆனதும் அதற்கு ஒரு அறுவை போதும், பத்துப் பதினான்கு நாளில் தையல் ஆறிவிடும். அதுவரை அது நக்காமல் பார்த்துக்கொள்ள வீட்டில் யாராவது இருக்க வேண்டும்.