டெம்போ மேலிருந்து விழுந்தவர் தலைக்குள் என்ன நடக்கிறது?

எவர்சில்வர் தூக்கில் கெட்டியாக உறைந்த தயிரை எடுத்துச் சமையல் மேடைமேல் ணங்கென்று வையுங்கள். தூக்கில் ஒரு சொட்டைகூட விழாது. மூடியைத் திறந்தால் தயிர் பாளமாகப் பிளந்திருக்கும். அப்போதைக்கு நீர் தெரியாது. அரை மணி கழித்துப் பார்த்தால் பிளவு முழுக்கத் தெளிநீர் கட்டி நிற்கும். மண்டையோடு விரிசல்கூட விடாமல் உள்ளே மூளை அடிபடுவது ஏறத்தாழ இப்படித்தான்.

மும்பை தாராவியின் தொண்ணூறடி சாலையில் கொஞ்ச நேரம் நின்றால் டெம்போவில் சரக்கு ஏற்றுவது கண்ணில் படாமல் போகாது. தோல் பை மூட்டைகள், வேன் கேரியரில் திருநெல்வேலிக்குக் கிளம்பும் சாமான்கள், மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு வீடு மாற்றுகிறவர்களின் பீரோ, கட்டில். டயர் மேல் ஒரு கால், ஜன்னல் விளிம்பில் ஒரு கால் என்று ஏறிவிடுவார்கள். ஏணி என்று ஒன்று உலகத்தில் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது.

ஏறும்போது கவனமாக இருப்பவர்கூடக் கயிறு கட்டும்போது ஏமாந்துவிடுவார். மூட்டைமேல் நின்று, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுக்கிறார். அந்த நேரத்தில் அவரை விழாமல் பிடித்திருப்பதே அந்தக் கயிறுதான். முடிச்சு நழுவினால், பழைய நைலான் அறுந்தால், மல்லாந்து விழ வேண்டியதுதான். முன்பக்கம் விழுந்தால் கை தானாக நீளும்; பின்பக்கம் விழுகிறவருக்கு அந்த உதவியும் இல்லை. மழைக்காலத்தில் நனைந்த தார்ப்பாய் மேல் நிற்கிறவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கயிற்றை இறுக்குகிற வேலையைத் தரையில் நின்று, கீழ்நோக்கி இழுத்துச் செய்தால் இந்த விபத்தே கிடையாது.

இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர 0.7 விநாடி. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். நெரிசலில் பெஸ்ட் பஸ் போகிற வேகம்தான், கேட்டால் பயமே வராது. ஆனால் அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். காலில் இறங்கி, முழங்கால் மடங்கி, அரை மீட்டரில் நின்றால் உடம்பு தாங்குவது புவியீர்ப்பைப்போல் 5 மடங்கு. பின்னந்தலை சிமென்டில் மோதி ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால் 250 மடங்கு. பைக் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் செய்வதெல்லாம் அந்த ஒரு சென்டிமீட்டரை இன்னும் கொஞ்சம் நீட்டுவதுதான். அதை மாட்டிக்கொண்டு டெம்போ மேல் ஏறினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மூளையின் எடை சுமார் 1,400 கிராம். சுற்றிலும் திரவம் இருப்பதால் மிதக்கிறது. அன்றாடக் குலுக்கல்களுக்கு அது போதும். விழும்போது மண்டை சட்டென்று நின்றுவிடுகிறது, மூளை நிற்பதில்லை. உள்சுவரில் மோதுகிறது, முறுகுகிறது. பின்னந்தலையில் அடிபட்டவருக்கு நெற்றிப் பக்க மூளை கன்றிப்போயிருப்பதை ஸ்கேனில் அடிக்கடி காணலாம்.

இனி அந்தத் தெளிநீர் விஷயம். காதுக்குச் சற்று முன்னே பொட்டெலும்பு மெல்லியது. அதன் உள்பக்கத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. இந்த இடத்தில் எலும்பு விரிசல் விட்டுத் தமனி கிழிந்தால், எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். விழுந்தவர் அதற்குள் எழுந்து, சட்டையைத் தட்டி, கட்டிங் சாயா குடித்து, "ஒண்ணுமில்லண்ணே" என்று மீதி மூட்டையையும் ஏற்றியிருப்பார். 2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லி மருத்துவ உதவி வேண்டாமென்றார். இரண்டு நாளில் இறந்துபோனார். காரணம் இதே ரத்தக்கட்டு.

தயிருக்கும் தலைக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான். தூக்கில் மேலே காலி இடம் உண்டு, நீர் சேர்ந்தால் சேரட்டும். மண்டை எல்லாப் பக்கமும் மூடிய பெட்டி. ரத்தம் சேரச் சேர மூளைதான் நசுங்க வேண்டும்.

அதனால் முதல் ஒரு நாள் விழுந்தவரைத் தனியாக விடக்கூடாது. கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், குழறல், ஒரு கை கால் சோர்வது, காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல் ஒழுகுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். "குடிச்சிருக்கான், தூங்கட்டும்" என்று விடுவது மிக மோசமான முடிவு. வயதானவர்களுக்கும் ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கசிவு வாரக்கணக்கில் தாமதமாகக்கூடத் தெரியலாம்.

இன்னொன்று. வண்டியில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர் வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. சுமைதூக்குவோருக்கென்றே மகாராஷ்டிரத்தில் 1969இன் மாத்தாடிச் சட்டமும் உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

விழுந்தவர் கழுத்து வலிக்கிறது என்றாலோ நினைவு தப்பினாலோ தூக்கி உட்கார வைக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். சயான் ஆஸ்பத்திரி தாராவியை ஒட்டியே இருக்கிறது. அங்கே போனதும் "கீழே விழுந்துட்டார்" என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு, நினைவு தப்பியதா என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.