நடுங்கும் சுரம்

ஒரே சுரத்தை விடாமல் வேகவேகமாக வாசித்தாலும், நீளும் சுரத்தின் ஒலியளவு சீராகக் கூடிக் குறைந்தாலும் ஐரோப்பிய இசையில் அதற்கு ட்ரெமலோ என்று பெயர். நடுங்குவதைக் குறிக்கும் ‘ட்ரெமெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து கிளைத்த இத்தாலியச் சொல். ட்ரெமலோவில் சுருதி அசையாது. சுருதி மேலும் கீழும் அசைந்தால் அது விப்ராட்டோ.

இந்த நடுக்கத்தைக் கோபத்தின் குரலாக்கிக் காட்டியவர் இத்தாலியின் மான்டெவெர்டி. 1624-ல் வெனிஸில் அரங்கேறிய அவருடைய படைப்பு ஒன்றில், கவசத்துக்குள் இருப்பவள் தன் காதலி கிளோரிந்தா என்று தெரியாமலே தான்கிரேதி என்ற வீரன் இரவில் அவளோடு வாள் சண்டை போடுகிறான். அந்தச் சண்டைக்காக ஒரு நீண்ட சுரத்தை 16 துண்டுகளாக்கி, ஒரே தந்தியில் விறுவிறுவென வாசிக்கச் சொன்னார். வாசிப்பவர்களுக்கு அது கேலிக்கூத்தாகப் பட்டது. 16 முறை எதற்கு என்று ஒரே தடவையோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்படி வாசித்தால் ஆவேசப் பேச்சின் சாயலே அழிந்துவிடும் என்று, 1638-ல் இசையை அச்சிட்டபோது முன்னுரையில் வருத்தத்தோடு எழுதினார் மான்டெவெர்டி. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது இன்று அதைக் கேட்கும் எவருக்கும் புரியும்.

கிதாரின் தேவை வேறு. மீட்டிய தந்தி உடனே அடங்கத் தொடங்கிவிடும். ஸ்பெயினின் ஃபிரான்சிஸ்கோ தாரேகா ‘அல்ஹாம்ப்ராவின் நினைவுகள்’ படைப்பில் தாழ்ந்த சுரங்களைக் கட்டைவிரலிடம் விட்டுவிட்டு, மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டிவிரல் மூன்றும் அடுத்தடுத்து ஒரே தந்தியில் விழும்படி அமைத்தார். ஒரு விரலின் ஒலி அடங்குமுன் அடுத்த விரல் வந்துவிடும். மெட்டு அறுபடாமல் நீளும். ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதாகக் கேட்கும். மூன்று விரலும் ஒரே கனத்தில் விழாவிட்டால் இந்த மாயம் கலைந்துவிடும்.

பிறகு மின்சாரம் வந்தது. 1960-களில் ஃபெண்டர் நிறுவனம் தயாரித்த கிதார் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றின் உள்ளே, சின்ன நியான் பல்பும் வெளிச்சம் பட்டால் தடை குறையும் ரெசிஸ்டரும் ஒரே கறுப்பு உறைக்குள் அடைபட்டிருக்கும். பல்பு மின்னும்போது சிக்னலில் ஒரு பங்கு எர்த்துக்குப் போய் ஒலி தாழும். அணைந்ததும் ஒலி எழும். எவ்வளவு எளிமையான, அழகான ஏற்பாடு!

ஆனால் அந்த ஆம்ப்ளிஃபயர்களின் முகப்பில் இதற்கு ‘விப்ராட்டோ’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதே நிறுவனம் 1954-ல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரிலோ, தந்தியின் இறுக்கத்தை மாற்றிச் சுருதியை அசைக்கும் கைப்பிடிக்கு ‘ட்ரெமலோ’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் தலைகீழ். இன்றும் கடையில் ட்ரெமலோ ஆர்ம் கேட்டால் சுருதியை அசைக்கும் கைப்பிடிதான் கிடைக்கும். ஒலியளவை நடுங்கவைக்க விரும்புகிறவர்கள் ட்ரெமலோ பெடல் என்று கேட்டு வாங்க வேண்டும்.