கழுத்துப்பட்டையும் கைக்கயிறும்: 'வாரியர்ஸ்' பூனைக் கதைகள் - ஒரு மறுவாசிப்பு



நினைவுச் சொற்பொழிவில் பூனைக் கதையா என்று சிலர் கேட்டார்கள். நாங்குநேரிக்குப் பிறகு நம் பிள்ளைகளும் அவர்களுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளும் என்ன படிக்கிறார்கள் என்பது சின்ன விஷயமல்ல. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டோம்.

'வாரியர்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரின் முதல் புத்தகம் 2003இல் வந்தது. எரின் ஹன்டர் என்ற ஒற்றைப் பெயருக்குப் பின்னால் கேட் கேரி, செரித் பால்ட்ரி, விக்டோரியா ஹோம்ஸ் எனப் பலர் இருக்கிறார்கள். உலகெங்கும் குழந்தைகள் விழுந்து விழுந்து படிக்கும் தொடர் இது. பாளையங்கோட்டைப் பக்கம் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு, பழைய புத்தகக் கடையிலிருந்து சில தொகுதிகள் வந்து சேர்ந்தன. ஆங்கிலம் எட்டாத பிள்ளைகளுக்கு நாங்களே தமிழில் கதையாகச் சொன்னோம்.

கதை இதுதான். ஒரு காட்டில் நான்கு பூனைக் குலங்கள். ஒவ்வொன்றுக்கும் எல்லை, தலைமை, போர்ச் சட்டம் உண்டு. செத்துப்போன முன்னோர்கள் வானத்தில் நட்சத்திரக் குலமாக இருந்து வழிகாட்டுகிறார்கள். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "கொலசாமி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். மனிதர் வீட்டில் வளரும் ரஸ்டி என்ற செம்பட்டைப் பூனை இந்தக் காட்டுக்குள் வருகிறது. 'கிட்டிபெட்' என்று ஏசுகிறார்கள். வீட்டுப்பூனை என்பதுதான் பொருள், ஆனால் அங்கே அது வசைச்சொல். உன்மேல் மனித வாடை அடிக்கிறது என்கிறார்கள். நடக்கும் சண்டையில் ரஸ்டியின் கழுத்துப்பட்டை அறுந்து விழுகிறது. முன்னோர்கள் காட்டிய அடையாளம் அது என்று சொல்லித் தலைவி அவனைச் சேர்த்துக்கொண்டு, ஃபயர்பா என்று புதுப் பெயர் வைக்கிறாள். பிற்பாடு அவன் ஃபயர்ஸ்டார் என்ற தலைவனாகிறான்.

நல்ல கதைதானே? பிறப்பு முக்கியமில்லை, தகுதிதான் முக்கியம் என்கிறதே? நாங்களும் முதலில் அப்படித்தான் படித்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "தலைவனான பெறவும் அவன வீட்டுப்பூனைன்னுதான சொல்லுதாங்க அண்ணே?" உண்மைதான். எத்தனை போரில் ஜெயித்தாலும் எதிரிகள் வாயில் அந்தச் சொல் போவதில்லை. தேர்தலில் வென்று ஊராட்சித் தலைவரானதற்காகவே 1997 ஜூன் 30 அன்று மேலவளவு முருகேசன் கொல்லப்பட்டதை அறிந்தவர்கள் நாம். பதவி கிடைப்பதும் பிறப்பின் பெயர் உதிர்வதும் வேறு வேறு என்று அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கழுத்துப்பட்டை மனிதனுக்கு அடிமையாக இருப்பதன் அடையாளம், அதை அறுத்தால்தான் விடுதலை என்பது கதையின் வாதம். சரி. ஆனால் அறுத்த கையோடு ஃபயர்பா இன்னொரு அடையாளத்தைப் பூசிக்கொள்கிறான். அதுதான் குலத்தின் வாடை. இந்தக் காட்டில் யார் நம்மவர், யார் அந்நியர் என்பதை மூக்குதான் தீர்மானிக்கிறது. எல்லைகள் வாடையால் குறிக்கப்படுகின்றன. கழுத்துப்பட்டையைத் தளையாகப் பார்க்கும் ஆசிரியர்கள் குலவாடையை இயற்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் மறுவாசிப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

திருநெல்வேலிப் பள்ளிகளில் மூக்குக்குப் பதிலாகக் கண். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என மணிக்கட்டில் கட்டிய கயிற்றைப் பார்த்து யார் எந்தச் சாதி என்று பிள்ளைகள் படித்துக்கொள்கிறார்கள். 2015லேயே இது செய்திகளில் அடிபட்டது. 2019இல் பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும் வேகம் குறைந்தது. 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனை, உடன்படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும். பூனைக் குலம் சாதியா? நான்கு குலங்களும் சமம்தானே? நியாயமான கேள்வி. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை அந்த நான்கிற்குள் இல்லை. ஒரு விஷயத்தில் அந்தக் காடு நம் நாட்டைவிட மேல் என்றுகூடச் சொல்லலாம். முதியவர்களுக்கு உண்ணி எடுப்பது, படுக்கைப் பாசி மாற்றுவது போன்ற வேலைகளை எல்லாக் குட்டிகளும் பயிற்சிக் காலத்தில் செய்கின்றன. பிறப்பால் ஒருவர் தலையில் அது கட்டப்படுவதில்லை. (தப்பு செய்தவர்களுக்குத் தண்டனையாகவும் அதே வேலை தரப்படுவதைக் கவனியுங்கள்.) ஆனால் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அம்பேத்கர் நிறுவினார். அந்த உயிர்நாடி இந்தக் காட்டிலும் துடிக்கிறது.

குலம் தாண்டிக் காதலிப்பது துரோகம். தண்டர்கிளானின் கிரேஸ்ட்ரைப்பும் ரிவர்கிளானின் சில்வர்ஸ்ட்ரீமும் காதலிக்கிறார்கள்; அவள் பிரசவத்தில் சாகிறாள். பிறந்த இரண்டு குட்டிகளும் 'அரைக்குலம்'. 2004இல் வந்த ஆறாவது புத்தகத்தில் டைகர்ஸ்டார் அந்த இரண்டையும் கொல்லும்படி ஸ்டோன்ஃபருக்கு ஆணையிடுகிறான். ஸ்டோன்ஃபரும் அரைக்குலம்தான். அவன் மறுக்கிறான், கொல்லப்படுகிறான். தொடரிலேயே எங்களை மிகவும் உலுக்கிய இடம் இது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் 27 வயது தலித் பொறியாளர் ஒருவர், சாதி தாண்டிய காதலுக்காக வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த ஊரில் உட்கார்ந்து இந்தப் பக்கங்களை வாசிப்பது வேறு மாதிரி.

ஆசிரியர்கள் டைகர்ஸ்டாரைக் கண்டிக்கிறார்கள். சட்டத்தைக் கண்டிக்கவில்லை. ரத்தத் தூய்மை பேசுபவன் வில்லன். ரத்தத்தைப் பிரித்து வைக்கும் விதி மட்டும் புனிதம். பல ஆண்டுகளுக்குப் பின் வந்த தொகுதிகளில், துணைக்காகக் குலம் மாற வழிவிடும்படி சட்டம் திருத்தப்படுகிறது. மாறலாம், ஆனால் ஏதாவது ஒரு குலத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

இந்த வகைக் கதைக்கு ஒரு பூர்வீகமும் உண்டு. பம்பாயில் பிறந்த கிப்ளிங்கின் 1894ஆம் ஆண்டு 'ஜங்கிள் புக்'கில், சட்டமில்லாத குரங்குக் கூட்டத்துக்கு 'சாதிக்குப் புறம்பானவர்கள்' என்றே முத்திரை குத்தப்படுகிறது. விலங்குக் கதைகள் நம்மைப் பற்றியவை அல்ல என்று யாரும் சொல்ல முடியாது.

கடைசியாக ஸ்கர்ஜ். முதல் வரிசையின் பெரிய வில்லன். கழுத்தில் நாய்ப் பல் பதித்த பட்டை. 2008இல் வந்த சித்திரக்கதையில் அவன் பூர்வகதை இருக்கிறது. அவனும் வீட்டில் பிறந்த பூனைதான், பெயர் டைனி. பிந்தைய தகவல்படி ஃபயர்ஸ்டாருக்கு ஒரே தகப்பனின் பிள்ளை. குட்டியாக இருக்கும்போது காட்டோரம் எட்டிப் பார்க்கிறான். ரோந்து வந்த தண்டர்கிளான் மூத்தவன் ஒருவன், தன் கீழ் பழகும் டைகர்பாவை ஏவிவிட்டு அடிக்க வைக்கிறான். பின்னால் அரைக்குலத்தைக் கொல்லச் சொன்னவன் இதே டைகர்பாதான். ஆக, ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரண்டு வீட்டுப்பூனைகளில் ஏற்கப்பட்டவன் நாயகன், அடிக்கப்பட்டவன் அரக்கன். குழந்தையை அடிக்கக் கற்றுக்கொடுத்த குலத்தின் மீது எந்த விசாரணையும் இல்லை. ஸ்கர்ஜ் செய்த கொலைகளை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. அந்தக் காட்டோரத்தில் நடந்ததையும் குற்றப் பட்டியலில் சேருங்கள் என்கிறோம்.

அந்தக் காட்சியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, மாற்றி எழுதச் சொன்னோம். பதினொரு பேர் எழுதினார்கள். எட்டுப் பேர் டைனியைக் குலத்தில் சேர்த்துத் தலைவனாக்கினார்கள். இரண்டு பேர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒரே ஒருவன் கதையில்தான் டைகர்பா, "நான் அடிக்க மாட்டேன்" என்று மூத்தவனிடம் சொல்கிறான். சொன்னதற்காக அவனுக்கு அடி விழுகிறது. டைனி வேலிமேல் ஏறி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கதையை வைத்துத்தான் இப்போது நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறோம். டைகர்பாவாக நடிக்க இன்னும் யாரும் முன்வரவில்லை.