மென்பொருள் உரிம வழங்கி

மென்பொருள் உரிம வழங்கி என்பது, ஒரு வலையமைப்பில் உள்ள கணினிகளுக்கு மென்பொருள் உரிமங்களை எண்ணிக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறும் நிரலாகும். ஒரு கல்லூரி 60 கணினிகளில் ஒரு மென்பொருளை நிறுவி, 20 உரிமங்களை மட்டும் வாங்கியுள்ளதாகக் கொள்வோம். ஒரே நேரத்தில் 20 பேர் அதனைப் பயன்படுத்தலாம். 21ஆம் மாணவர், முன்னவர்களில் ஒருவர் மூடும்வரை காத்திருக்க வேண்டும். நூலகத்தில் ஒரே நூலின் சில படிகளைப் பலர் மாறி மாறி எடுத்துப் படிப்பதைப் போன்றது இது. இவ்வகை உரிமம் மிதவை உரிமம் எனப்படும்.

வழங்கி நின்றுவிட்டால், பணம் கொடுத்து வாங்கிய உரிமங்கள் இருந்தும் புதிதாக எவரும் மென்பொருளைத் திறக்க இயலாது. எனவே அதனை முறையாகத் தொடங்கவும் நிறுத்தவும் அறிந்திருப்பது அவசியம்.

அமைப்பு

இவ்வகையில் பரவலாகப் பயன்படுவது பிளெக்ஸ்நெட் ஆகும். பிளெக்ஸ்எல்எம் என்ற பெயரில் 1988இல் உருவான இதனை மேட்லேப், ஆன்சிஸ் போன்ற மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன. இதில் மூன்று உறுப்புகள் உள்ளன.

1. உரிமக் கோப்பு: வழங்கிக் கணினியின் பெயர், அடையாள எண், உரிமங்களின் எண்ணிக்கை, காலாவதி நாள் ஆகியவை இதில் இருக்கும். அடையாள எண் பெரும்பாலும் வலையமைப்பு அட்டையின் முகவரியே. ஆகவே கணினியை மாற்றினால் புதிய உரிமக் கோப்பு பெற வேண்டும்.
2. எல்எம்ஜிஆர்டி: வரும் கோரிக்கையை முதலில் ஏற்கும் மேலாளர் நிரல்.
3. விற்பனையாளர் நிரல்: உரிமங்களை உண்மையில் எண்ணிக் கொடுப்பது. இதனை மேலாளர் நிரலே தொடங்கிவைக்கும்.

தொடங்குதல்

விண்டோஸ்: எல்எம்டூல்ஸ் என்ற சாளரத்தில் மேலாளர் நிரல், உரிமக் கோப்பு, பதிவுக் கோப்பு ஆகிய மூன்றின் இருப்பிடங்களையும் குறிப்பிட்டுச் சேமிக்க வேண்டும். விண்டோஸ் சேவையாகப் பதிவு செய்தால், கணினி இயங்கத் தொடங்கும்போதே வழங்கியும் தொடங்கும்.

லினக்ஸ்: எல்எம்ஜிஆர்டி கட்டளையுடன் உரிமக் கோப்பையும் பதிவுக் கோப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதனை ரூட் பயனராக இயக்காமல், சாதாரணப் பயனர் கணக்கில் இயக்குவதே பாதுகாப்பு. தானாகத் தொடங்குவதற்குச் சிஸ்டம்டி உதவும். சில லினக்ஸ் கணினிகளில் நிரல் கண்ணெதிரே இருந்தும் ‘கோப்பு இல்லை’ என்ற செய்தி வரும். அந்நிரல் தேடும் எல்எஸ்பி துணைத் தொகுப்பு நிறுவப்படாததே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

மேக்: கட்டளை முறை லினக்சைப் போன்றதே. தானாகத் தொடங்க லாஞ்ச்டி பயன்படும்.

மேலாண்மை

எல்லா இயங்குதளங்களிலும் பின்வரும் கட்டளைகள் பொதுவானவை.

எல்எம்ஸ்டாட்: எவரெவர் உரிமம் எடுத்துள்ளனர் எனக் காட்டும்.
எல்எம்ரீரீட்: வேலை செய்வோரைத் தடை செய்யாமல், மாற்றிய உரிமக் கோப்பை மீண்டும் படிக்கும். வழங்கியின் பெயரோ போர்ட் எண்ணோ மாறியிருந்தால் இது போதாது. வழங்கியை நிறுத்தித் தொடங்க வேண்டும்.
எல்எம்டவுன்: வழங்கியை முறையாக நிறுத்தும். லினக்சில் மேலாளர் நிரலை வலுக்கட்டாயமாகக் கொன்றால், விற்பனையாளர் நிரல் பின்னணியில் தங்கிவிடக்கூடும். அடுத்த தொடக்கம் அதனால் தடைபடும்.

பொதுவான சிக்கல்

வழங்கி ஓடுகிறது, ஆனால் பிற கணினிகளுக்கு உரிமம் கிடைக்கவில்லை என்ற நிலை அடிக்கடி எழும். மேலாளர் நிரலுக்கு 27000 முதல் 27009 வரையுள்ள போர்ட்டுகளில் ஒன்றைத் தீச்சுவரில் திறந்துவிட்டு, விற்பனையாளர் நிரலை மறந்துவிடுவதே இதற்கு முக்கியக் காரணம். அந்நிரலின் போர்ட் எண்ணைக் குறிப்பிடாவிட்டால், ஒவ்வொரு தொடக்கத்திலும் அது வேறு எண்ணைப் பெறக்கூடும். உரிமக் கோப்பில் அதற்கும் நிலையான எண் ஒன்றை எழுதி, இரண்டு போர்ட்டுகளையும் திறக்க வேண்டும்.

எந்தச் சிக்கலானாலும் முதலில் பார்க்க வேண்டியது பதிவுக் கோப்பையே. அடையாள எண் பொருந்தாமையும் உரிமம் காலாவதியானதும் அதில் நேரடியாகவே எழுதப்பட்டிருக்கும்.