நெருப்பைக் கடந்த சிறகு
எனாமல் ஓவியக் கடிகார முகப்பு, ஜெனீவா மரபு

பொன் அல்லது செம்புத் தகட்டில் வெள்ளை எனாமல் பூசிச் சுடுகிறார்கள். உலோக ஆக்ஸைடுப் பொடியை எண்ணெயில் குழைத்து, உருப்பெருக்கியின் கீழ், சில மயிர்களே கொண்ட தூரிகையால் பறவையை இறகு இறகாகத் தீட்டுகிறார்கள். அதிக வெப்பம் தாங்கும் நிறம் முதலில். சுமார் 800 டிகிரி செல்சியஸ் உலை. பிறகு அடுத்த நிறம், மீண்டும் உலை. ஒரு விரிசல் விழுந்தாலும் பல நாள் உழைப்பு வீண். இறுதியில், நிறமற்ற எனாமல் பூச்சு ஓவியத்தை மூடிக் காக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் மலர்ந்த இக்கலையை ஜெனீவாவின் கைவினைஞர்கள் தலைமுறைகளாகப் பேணி வளர்த்தனர். காலத்தால் வெளிறாத நிறம் இது. சற்றே குனிந்து, பறவையின் கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளியைப் பாருங்கள்: உயிர் அங்கேதான் இருக்கிறது.