2038 ஜனவரி 19, காலை 8.44... கம்ப்யூட்டர்களைக் குழப்பப் போகும் 214 கோடி!

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அதற்கு அடுத்த விநாடி, அப்டேட் செய்யப்படாத சில பழைய கம்ப்யூட்டர்களில் 1901 டிசம்பர் 14 என்று தேதி காட்டலாம். காரணம் ஒரே ஒரு எண்: 214,74,83,647.

அதென்ன 214 கோடி கணக்கு? 31 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். பைனரியில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள். கம்ப்யூட்டர் ஒரு எண்ணுக்கு 32 பிட் இடம் ஒதுக்கினால், அதில் ஒன்று பிளஸ்ஸா மைனஸா என்று காட்டப் போய்விடும். மிச்சம் 31-ம் நிரம்பும் இடம் இதுதான். இன்னும் ஒன்று கூட்டினால்? பைக் மீட்டர் 99999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குப் போகுமே, அந்த மாதிரிதான். ஆனா இங்க பூஜ்யம் இல்ல, நேரா மைனஸ் 214 கோடி!

பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளாக எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கை நிரம்பும் நாள்தான் 2038.

கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப முன்னாடியே இந்த எண் பிரபலம். 1772-ல், பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்த கணித மேதை ஆய்லர், இது ஒரு பகா எண் என்று நிரூபித்தார். சாதாரணமாக 46,340 வரை வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லரோ, இதற்குப் பகாக் காரணி இருந்தால் அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வரும் என்று கண்டுபிடித்தார். சோதிக்க வேண்டியவை சுமார் 370 எண்களாகச் சுருங்கின. பல பத்தாண்டுகள் அறியப்பட்டதிலேயே மிகப்பெரிய பகா எண் இதுதான்.

2014-ல் 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் வியூஸ் இந்த எல்லையைத் தொட, யூடியூப் 64 பிட்டுக்கு மாறியது. புது எல்லை சுமார் 92,233 கோடி கோடி. (அது பகா எண் இல்லை. 7-ஆலேயே வகுபடும்!)

நம்ம போன்? இப்போதைய 64 பிட் போன்களுக்குப் பெரும்பாலும் பிரச்னை இல்லை. மாட்டிக்கொள்வது பழைய ரவுட்டர்கள், ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் போன்றவை. ஒருமுறை பொருத்தினால் யாரும் திரும்பிப் பார்க்காத சாதனங்கள்.

2038 வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று 20 ஆண்டு வீட்டுக் கடன் வாங்கினால், கடைசி இஎம்ஐ அந்தத் தேதியைத் தாண்டித்தான் வரும். அதை இன்றைக்கே கணக்கிடும் சாஃப்ட்வேர் பழைய 32 பிட் நேரத்தையே நம்பியிருந்தால், தவறும் இன்றைக்கே நடக்கும்.